பூச்சிகொல்லி நஞ்சு உடலிற் பற்றும் விதமும் காப்பு முறைகளும்

நெல் வயலிலும் மிளகாய், கத்தரி, வெண்டித் தோட்டங்களிலும் விசிறப்படும் பூச்சிகொல்லிகளுட் சேதனப் பொசுபேற்று, காபமேற்று என்பன இரு முக்கிய வகுப்புகளாகும். இவை பூச்சியை எவ்வாறு கொல்கின்றனவோ அவ்வாறே மனிதரையும் தாக்கவல்லன. இதன் காரணத்தை அறிந்த கமக்காரர், சுட்டுத்துண்டில் உள்ள விதிகள் ஏன் இடப்பட்டன என்பதைத் தாமே உணர்வர்.

நஞ்சு பற்றும் விதம்

நரம்பின் கட்டளையைத் தசைக்கு எடுத்துச் செல்வது அசெற்றைல்கோலின் என்னும் பொருள். கட்டளை சேர்ந்ததும் ஒரு நொதியம் அதனைச் சிதைத்துவிடும். நொதியம் ஒரு வகைப் புரதம். அதில் ஒடுங்கிய பள்ளம் ஒன்று உண்டு. பூட்டினுள் திறப்பு நுழைவதுபோல் அசெற்றைல்கோலின் அப்பள்ளத்தினுள் நுழைந்து சிதைவுறும். பூச்சிகொல்லியும் அதே பள்ளத்தினுள் நுழைந்து, முறிந்த திறப்பைப்போல் அங்கேயே இறுகிவிடும். நொதியம் செயலிழக்க, அசெற்றைல்கோலின் தேங்கும். தசைகள் ஓய்வின்றித் துடித்து ஈற்றிற் சோரும். மூச்சுத் தசைகள் சோர்ந்தால் உயிர் போகும்.

காபமேற்றின் பிணைப்புப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே விடுபடும். பொசுபேற்றின் பிணைப்போ நேரஞ் செல்லச் செல்ல மேலும் இறுகும். குருதிச் செங்குழியங்களில் இழந்த நொதியம், நாளொன்றுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 1 பங்கு வீதமே மீள்கின்றது. எனவே அடுத்தடுத்து விசிறுவோருக்கு முன்னைய இழப்புத் தீருமுன் புதிய இழப்புச் சேரும். பல காலம் விசிறியும் தீங்கு காணாதவர் ஒரு நாட் சிறிதளவு நஞ்சினாலும் வீழக்கூடும்.

பூச்சிகள் மருந்துக்கு அடங்காமை

ஒரே வகுப்பு மருந்தை இடைவிடாது விசிறினால், அப்பள்ளத்தின் வடிவம் சற்று மாறிய பூச்சிகள் பிழைத்துப் பெருகும். யப்பானிய நெல் வயல்களிற் பச்சைத் தத்தியில் இது காணப்பட்டது. அந்நிலையில் அளவைக் கூட்டுவது பூச்சியைவிட விசிறுபவரையே தாக்கும். இலங்கையில் மொனோகுரோட்டபொஸ், மெதமிடபொஸ் ஆகிய கொடிய பொசுபேற்றுகள் 1995 ஆம் ஆண்டளவிற் தடைசெய்யப்பட்டன. எஞ்சியவையும் நஞ்சே.

கவனிக்க வேண்டியவை

1. சுட்டுத்துண்டிற் குறித்த அளவையும், விசிறலுக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களையும் தவறாது பின்பற்றுக.
2. நஞ்சு தோலினூடாகவும் உட்செல்லும். கையுறையும் நீண்ட சட்டையும் அணிக. ஒழுகும் தெளிகருவியை முதுகில் ஏற்றாதீர்.
3. காற்றுக்கு எதிரே விசிறாதீர். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடையைத் தனியே துவைக்க.
4. மருந்தைப் பூட்டி வைக்க. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கலாகாது.

நஞ்சூறிய அறிகுறிகள்

மிகுந்த வியர்வை, வாயூறல், கண்ணீர், சுருங்கிய கண்மணி, வாந்தி, நெஞ்சிறுக்கம், தசைத் துடிப்பு.

இவை தோன்றின் நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வாந்தியெடுக்கச் செய்யாதீர். பாலோ இளநீரோ இறுகிய நஞ்சைக் கழற்றமாட்டா.

வைத்தியசாலையிற் கொடுக்கப்படும் அத்திரோப்பீன், அசெற்றைல்கோலின் சென்று சேரும் வேறொரு புரதத்தைப் பற்றி, மிகையான கட்டளையைத் தடுக்கும். பிரலிடொட்சைம் நொதியத்திலிருந்து பொசுபேற்றைக் கழற்றவல்லது; பிணைப்பு முற்றினால் அது பயன்படாது. ஆகவே தாமதம் ஆகாது. ஊமத்தையிலும் அத்திரோப்பீன் உண்டெனினும், அதன் அளவை வீட்டில் அறியமுடியாது. அதனைக் கொடுப்பது ஒரு நஞ்சின்மேல் மற்றொரு நஞ்சாகும்.

மேலதிக விபரங்களைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.