மணற்காட்டுக்குப் போறியளோ? அக்கா சொல்லுறதையும் கேட்டுட்டுப் போங்கோ

அவுஸ்திரேலியாவில அலிஸ் ஸ்பிறிங்ஸிலயிருந்து டார்வினுக்குக் கார் ஓடுற எங்கட சனம், தண்ணிக் கான், பெற்றோல், மேலதிக ரயர் எல்லாம் ஏத்தாமல் வெளிக்கிடாயினம். வழியில நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு வெறும் தரைதான். அதே ஆக்கள் ஓகஸ்ட் லீவுக்கு இணுவிலுக்கு வந்தால், "மணற்காடு கிட்டத்தானே" எண்டு அரைப் போத்தல் தண்ணியோட, காலில பாட்டா செருப்போட மத்தியானத்தில கிளம்புவினம். கிட்ட எண்ட நினைப்புத்தான் ஆபத்து, தங்கச்சிமாரே.

வல்லிபுரக் கோயிலடியில துவங்கிற மணல், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், மருதங்கேணி, வெற்றிலைக்கேணி எண்டு சுண்டிக்குளம் மட்டும் வடமராட்சி கிழக்குக் கரை நெடுகக் கிடக்கு. எங்கட செம்மண்ணில பிறந்தவைக்கு வளவுக்கு ஒரு கிணறு. தண்ணியைக் காவிக்கொண்டு போற பழக்கமே இல்லை. அங்கை அப்பிடி இல்லை. தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு அனுப்பீனம், ஆனா மணல்மேட்டில நிண்டு விடாய்க்கிற உங்களுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்லை. ஆளுக்கு மூண்டு லீற்றராவது கொண்டு போங்கோ. தேசிக்காய்ப் புளியும் உப்பும் சீனியும் கரைச்ச போத்தல் ஒண்டு புறம்பாய் இருக்கட்டும். சோடாவை நம்பிப் போகாதேங்கோ.

சாப்பாட்டில தேங்காய்ப்பூ போட்ட புட்டும் பச்சைச் சம்பலும் வேண்டாம். அந்த வெக்கையில மத்தியானத்துக்குள்ள புளிச்சுப்போகும். ரொட்டி, இடிச்ச சம்பல், பயத்தம் உருண்டை பழுதாகாது. புழுக்கொடியல் எனக்கு உயிர், எண்டாலும் அது தண்ணியைக் கேக்கும். திரும்பி வரேக்கை சப்புங்கோ.

இணுவிலில இருந்து உரும்பிராய், கோப்பாய் பக்கமாய்ப் பருத்தித்துறை வீதியைப் பிடிச்சால் வல்லைவெளி தாண்டி நெல்லியடி. பெற்றோலும் கழிப்பறையும் அங்கையோ பருத்தித்துறையிலயோ முடிச்சுக்கொள்ளுங்கோ. பொம்பிளைப் பிள்ளையள் இதை வாய்விட்டுக் கேக்க வெக்கப்பட்டுத் தண்ணி குடியாமல் இருக்கினம், அதுதான் முதல் மயக்கத்துக்குக் காரணம். விடிய ஆறு மணிக்கு மணலில நிக்கிற மாதிரிப் போங்கோ. இல்லாட்டி நாலு மணிக்குப் பிறகு. வெள்ளை மணல் வெயிலைத் திருப்பி முகத்தில அடிக்கும், தொப்பி மட்டும் காணாது, கறுப்புக் கண்ணாடியும் வேணும். சோளகக் காத்துக் காலமெண்டால் மூக்கைப் பொத்த ஒரு சால்வை.

காலுக்குச் சப்பாத்துத்தான். மணலில இராவணன் மீசை எண்ட புல்லு ஊசி மாதிரிக் குத்தும். பக்கத்திலயே அடம்பன் கொடி ஊதாப் பூவோட படர்ந்து கிடக்கும், படத்துக்கு எண்டு பிடுங்காதேங்கோ. மணலைக் காத்து அள்ளாமல் பிடிச்சு வைக்கிறது அந்தக் கொடிதான்.

வாகனம் புதைஞ்சால் அக்ஸிலேற்றரை அமத்தாதேங்கோ, சில்லு இன்னும் கீழ போகும். ரயரில கொஞ்சம் காத்தை இறக்கி, சில்லுக்கு முன்னால இருக்கிற மணலைக் கையால வழிச்சு, காவோலையோ சாக்கோ போட்டு மெதுவாய் எடுங்கோ. தார் றோட்டு ஏறினதும் காத்தைத் திருப்பி அடிக்க வேணும். மோட்டார் சைக்கிள் ஸ்ராண்டுக்குக் கீழ ஒரு பலகைத் துண்டு வைச்சால் விழாது. ஒண்டும் சரிவராட்டி வாகனத்தடியிலயே நிழலில இருந்து உதவிக்கு அழையுங்கோ. ஆளைத் தேடுறதை விட வாகனத்தைத் தேடிப் பிடிக்கிறது சுகம். அவுஸ்திரேலியப் பாலையிலயும் இதுதான் சட்டம்.

ஒரு விசயத்தில மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டன். நாகர்கோவில் பக்கம் போர்க்காலத்தில முன்னரங்கு இருந்த இடம். இலங்கை 2017இல மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில சேர்ந்திட்டுது, அகற்றுற வேலையும் நெடுகலாய் நடந்தது. அதுக்காக மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்திலயோ பற்றைக்குள்ளயோ குறுக்குப் பாதை வெட்டாதேங்கோ. சனம் நடக்கிற தடத்தில நடவுங்கோ. மணலில இரும்பு ஏதும் தெரிஞ்சால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கோ, 119.

மணலுக்குள்ள அரைவாசி புதைஞ்ச பழைய அந்தோனியார் கோயில் சுவரில ஏறிப் படம் எடுக்கிறது அழகில்லை. பக்கத்துச் சவக்காலையில சிலுவையளைக் கண்டால் 2004 மார்கழி 26 சுனாமியை நினைச்சுக் குரலைத் தணியுங்கோ, இந்தக் கரை அண்டைக்குக் கனபேரைக் குடுத்தது. கரைவலை இழுக்கிற ஆக்களைக் கேட்டுப்போட்டுப் படம் எடுங்கோ. கடல் எப்பிடியெண்டும் அவையிட்டத்தான் கேக்க வேணும், மாரியில இறங்கவே வேண்டாம்.

சுண்டிக்குளம் 1938இல பறவைச் சரணாலயமாகி, 2015இல தேசிய பூங்காவானது. பூநாரை பாக்கிறதெண்டால் தை, மாசியில போங்கோ. களப்பில முதலை உண்டு, கால் நனைக்கிற விளையாட்டு வேண்டாம்.

ஆருக்காவது தலை சுத்தி, வேர்வை நிண்டு, கதை மாறினால் அது களைப்பில்லை. நிழலில கிடத்தி, ஈரத்துணி போட்டு விசுக்கிக்கொண்டே 1990க்கு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ. கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி மந்திகையில, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை. வெளிக்கிட முன்னம் வீட்டில ஒருத்தரிட்ட எந்த வழியால போறியள், எத்தினை மணிக்குத் திரும்புவியள் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ.