கூடிச் செல்லும் வண்டிகள்

கூட்டுறவின் பாடங்கள் துணைவிதிகளில் மட்டுமே உள்ளன என்று எண்ணுதல் தவறு. சென்ற ஞாயிறன்று, சங்க ஊழியர் அறுவருடன் நாமும் ஈரோட்டிலிருந்து ஜமக்காளத்திற்குப் பெயர்பெற்ற பவானிக்கு மிதிவண்டியில் சென்றோம். தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அலுவல் பேச்சு கூடாது என்பதே நிபந்தனை. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலையும் மஞ்சள் வயல்களையும் கண்டு களித்தவாறு சென்றோம்.

எதிர்க்காற்று வீசியது. வரிசையாகச் சென்றால், முன்செல்பவர் காற்றைத் தாங்குவார்; பின்வருபவர்க்கு உழைப்புக் குறையும். ஆகவே முன்னிடத்தை முறைவைத்து மாற்றிக்கொண்டோம். பள்ளம் கண்டால் கைகாட்டுவது முன்னவர் கடமை.

நம் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டினோம். திரும்பிப் பார்த்தால் ஐவரே இருந்தனர். முதிய கணக்கர், காற்றிறங்கிய சக்கரத்துடன் வெகு பின்னே நடந்து வந்தார். பம்போ நம் பையில்!

"கூப்பிட்டேனுங்க ஐயா, எதிர்க்காற்றில் கேட்டிருக்காது" என்றார்.

நாணினோம். பேரவைக்கு வராத நெசவாளரைப் 'பொறுப்பற்றோர்' என ஆய்வுக் குறிப்பில் நாமே எழுதியதுண்டு. அவர்கள் கூப்பிட்டார்களா என்று ஒருநாளும் வினவியதில்லை.

பின்னர்க் கணக்கரைக் காற்றுப்படாத இரண்டாமிடத்தில் நிறுத்தி, அவர் வேகத்தையே அனைவர் வேகமாக்கினோம். ஒருவரும் பிந்தாது கூடுதுறை சேர்ந்து, கட்டுச்சோற்றைப் பகிர்ந்துண்டோம்.

சிந்திக்க:

1. உங்கள் சங்கத்தில் பின்தங்கியவர் யார்? அவர் குரல் முன்னே எட்டுகிறதா?

2. பம்பு யார் பையில் உள்ளது?