35-ஐத் தாண்டினால் புற்றா?

முழு உடல் பரிசோதனை முடிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பிடிஎஃப்பை நம் வீடுகளில் யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை. தடித்த எழுத்தில் எது இருக்கிறது என்றுதான் தேடுகிறோம். எங்கள் உறவில் ஓர் அக்கா தேடியபோது கண்ணில் பட்டது ‘சிஏ-125: 61’. பக்கத்திலேயே ‘35-க்குள் இருக்க வேண்டும்’ என்றொரு குறிப்பு. கூகுளில் தட்டிப் பார்த்தார். சினைப்பைப் புற்று என்று வந்தது. விடியற்காலை எனக்கு போன் செய்து அவர் கேட்டது, “தம்பி, புள்ளைங்ககிட்ட இதை எப்படிடா சொல்றது?”

ரத்தம் கொடுத்த அன்று அவருக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். அந்த எண் ஏற அதுவே போதும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 22.

“புற்று மார்க்கர் கூடினால் புற்றுநோய்தான்”

சிஏ-125 சினைப்பையின் தனிச்சொத்து அல்ல. வயிற்றறை, நுரையீரல், இதயம் இவற்றைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைகளின் செல்களும் இதே புரதத்தைச் சுரக்கின்றன. அந்த உறையை எது உறுத்தினாலும் ரத்தத்தில் அளவு கூடும். கருப்பைத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பம், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்த நிலை, இதயச் செயலிழப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊரில் மறக்கவே கூடாத இன்னொன்று, வயிற்றுக் காசநோய்.

வயிறு உப்பி, எடை குறைந்து, சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சலோடு ஒரு பெண் வருகிறார். ஸ்கேனில் நீர்; சினைப்பைப் பக்கம் ஏதோ கட்டி மாதிரி. சிஏ-125 ஐநூறு, அறுநூறு. புத்தகத்தில் இருக்கும் முற்றிய சினைப்பைப் புற்று அப்படியே எதிரில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். புற்று என்று நினைத்து வயிற்றைத் திறந்து, உள்ளே அரிசிமணி அரிசிமணியாகக் காசநோய்ப் புள்ளிகளைக் கண்ட கதைகள் மருத்துவ இதழ்களில் எத்தனையோ முறை வந்துவிட்டன. அறுநூறு என்ற எண்ணுக்குப் புற்றுக்கும் காசநோய்க்கும் வித்தியாசம் தெரியாது.

சரி, இந்த 35 எங்கிருந்து வந்தது? 1981-ல் பாஸ்டனில் ராபர்ட் பாஸ்டும் ராபர்ட் நாப்பும் சேர்ந்து சினைப்பைப் புற்றை ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்புரதத்தைக் கண்டெடுத்தார்கள். பொறுக்கியெடுத்துப் பார்த்தவற்றில் 125-ஆவது அது. பெயரின் எண் அப்படி வந்ததுதான். 1983-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 888 பேரில் நூற்றுக்கு ஒருவரே 35-ஐத் தாண்டினார். சினைப்பைப் புற்று உள்ள 101 பேரில் 83 பேர் தாண்டினார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இதை ஊரில் உள்ள எல்லோருக்கும் செய்து பாருங்கள். ஒரு கணக்குக்கு, ஐம்பது வயது தாண்டிய 10,000 பெண்களில் நான்கு பேருக்கு இந்த நோய் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று தவறினாலே புற்றே இல்லாத 100 பேரின் தாளில் தடித்த எழுத்து விழும். நான்கு பேரைத் தேடப்போய் நூறு பேரின் தூக்கத்தைக் கெடுப்போம்.

பிரிட்டனில் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். அறிகுறி எதுவும் இல்லாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு சிஏ-125, ஸ்கேன் என ஆண்டுதோறும் சோதனை செய்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: சினைப்பைப் புற்றால் இறப்பவர்கள் குறையவில்லை. நம் ஊர் ‘பேக்கேஜ்’ விளம்பரங்களுக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலும். ஏற்கெனவே புற்று உறுதியானவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க இது அருமையான சோதனை. வயிறு உப்புசமும் வலியும் விடாமல் இருப்பவருக்கு மருத்துவர் எழுதித் தந்தால் அதிலும் அர்த்தம் உண்டு. ஆயிரத்து முன்னூறு ரூபாய்க்கு எழுபது டெஸ்ட் என்ற கூடைக்குள் கிடக்கும்போதுதான் வம்பு.

ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றைத் தேடப் பார்க்கும் பிஎஸ்ஏவும் இதே ஜாதி. சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் அழற்சி, வயதாக ஆகச் சாதாரணமாக வீங்கும் புராஸ்டேட் என எதுவும் அதை 4-க்கு மேலே தள்ளும். தொற்று ஆறியபின் மறுபடி பார்க்காமல் பயப்படுவதில் பொருளில்லை. சிஇஏ என்ற இன்னொரு மார்க்கர் இன்னும் வேடிக்கை, பீடி சிகரெட் பிடித்தாலே ஏறும்.

“மார்க்கர் சரியாக இருக்கிறது, கவலையில்லை”

ஆரம்பக் கட்டச் சினைப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சிஏ-125 ஏறியே இருக்காது. பிஎஸ்ஏ 4-க்குள் இருந்த அமெரிக்க ஆண்களுக்குச் சதை எடுத்துப் பார்த்த ஆய்வில் (2004) நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்று இருந்தது. முடி வளர விழுங்கும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளில் எண்ணை மாற்றிக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

“புற்றுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்?”

புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது; தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். ஆனால் சில புற்றுகளுக்கு விதை போடும் கிருமிகள் தொற்றும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தட்டு தனியாகிறது, தடுப்பூசி தள்ளிப்போகிறது.

கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். 1983-ல் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் அதன் 16-ஆம் வகையைப் புற்றுத் திசுவிலேயே கண்டார். 2008-ல் நோபல் பரிசு. வைரஸ் செய்யும் வேலை இதுதான்: செல்லின் பிரேக்குகளான இரண்டு புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறது. பிரேக் போனதும் செல் பதறி பி16 என்ற இன்னொரு புரதத்தை மலைபோலக் குவிக்கிறது. சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டில் பட்டையாகப் பழுப்பு தெரிந்தால், வைரஸ் கைவரிசை காட்டியிருக்கிறது என்று நோய்க்கூறு மருத்துவர் புரிந்துகொள்வார்.

எச்பிவி பாசிட்டிவ் என்றால் புற்று என்றும் அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விடாப்பிடியாகத் தங்குபவர்களைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரே ஒரு முறை எச்பிவி டெஸ்ட் செய்த குழுவில் எட்டு ஆண்டுகளில் கருப்பை வாய்ப் புற்றால் இறப்பு ஏறக்குறைய பாதியானது. நம் திண்டுக்கல்லில் நடந்த ஆய்வில் இன்னும் எளிய வழி: வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்ப்பது. 2007-ல் வந்த அந்த ஆய்விலேயே இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இங்கும் ஒரு 35. ஆனால் இதை விளம்பரம் செய்ய ஆளில்லை.

“பிசிஆர் பாசிட்டிவ் என்றால் கிருமி உயிரோடு இருக்கிறது”

பிசிஆர் மரபணுத் துண்டைத் தேடும். அது உயிருள்ளதா, செத்ததா என்று பார்க்காது. சிபிநாட் இரண்டு மணி நேரத்தில் காசநோயையும் ரிஃபாம்பிசினுக்கு மசியாத வகையையும் காட்டிக்கொடுக்கும் கெட்டிக்காரப் பிசிஆர் சோதனை. ஆனால் மாத்திரை தின்று முடித்தவரிடம் செத்த கிருமியின் மிச்சத்தைப் பிடித்து ‘இருக்கிறது’ என்றும் சொல்லும். அதனால்தான் குணமாகிறதா என்று பார்க்கச் சளியை நுண்ணோக்கியிலும் கல்ச்சரிலும் பார்க்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. வயிற்று நீரில் கிருமி மிகக் குறைவு என்பதால் அங்கே ‘இல்லை’ என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று எழுதிவிட முடியாது. அப்போது சதைதான் பேச வேண்டும்.

“ஊசி பட்டால், கத்தி பட்டால் பரவிவிடும்”

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று ஊகிப்பது சுலபம். மூலிகை, மந்திரம் எல்லாம் முடித்து, முற்றிய பிறகு வந்தார்கள், பயாப்சி செய்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார்கள். பழி ஊசி மேல் விழுந்தது. ஊசி போன வழியில் புற்றுச் செல் ஒட்டிக்கொள்வது அபூர்வம். விரை, சில கல்லீரல் கட்டிகள் போன்ற இடங்களில் மருத்துவர்களே குத்தாமல் வேறு வழி பார்ப்பார்கள். மற்றபடி சதை இல்லாமல் எந்தப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. மார்பகப் புற்றில் ஹெர்-2 இருக்கிறதா, நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் மாறியிருக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சிறு துணுக்கில்தான் தெரியும். அதை மெழுகில் பதித்து வைத்த ‘பிளாக்’ பல வருடம் கழித்தும் பயன்படும்.

அந்த உப்பிய வயிற்றுப் பெண்ணிடம் வருவோம். சின்னத் துளை போட்டு உறையிலிருந்து சதை எடுக்கிறார்கள். தியேட்டர் வாசலில் உறவினர் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்து “லேபுக்குக் கொண்டுபோங்க” என்பார்கள். அதில் இருப்பது ஃபார்மலின். செல்லின் உருவத்தைக் கலையாமல் காக்கும், கிருமியைக் கொன்றுவிடும். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் உப்புநீரில் இன்னொரு பாட்டிலும் வேண்டும். “டிபி கல்ச்சருக்குத் தனியா அனுப்புறீங்களா டாக்டர்?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் பாட்டிலில் தயிர்க்கட்டி போல அழுகிய நடுப்பகுதியோடு காசநோயின் முடிச்சுகள் தெரியும். இரண்டாவதில் கிருமி வளரச் சில வாரம் ஆகும். ஆறு மாத மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். நீர் வற்றி, வயிறு இறங்கி, எடை கூடும். சிஏ-125 அறுநூறிலிருந்து தானாகவே கீழே வந்துவிடும்.