அட்டைப்படத்தில் ஒரு வெற்றுப்பெட்டி

நுழையும்முன்

புதிய கணினிகள் இடைவிடாது சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஓர் இதழின் பக்கங்களோ வரம்புக்கு உட்பட்டவை. எந்தக் கணினியைப் பற்றி எழுதுவது, எதை விடுவது என்பதை ஆசிரியர் குழுவே முடிவு செய்கிறது. அம்முடிவு எவற்றைக் கருதி எடுக்கப்படுகிறது? அது பிழைபட்டால் இழப்பு யாருக்கு? அமெரிக்க இதழ் ஒன்றின் வரலாற்று நிகழ்வை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

இரு இதழ்களின் போட்டி

1974ஆம் ஆண்டில் கணினி என்பது பெருநிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அரசு அலுவலகங்களும் வைத்திருந்த விலையுயர்ந்த எந்திரமாகும். தனிமனிதர் ஒருவர் அதைத் தம் வீட்டில் வைத்திருப்பது மிக அரிது. ஆயினும், மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே இணைத்து இயக்கிப் பார்க்கும் ஆர்வலர் பலர் அமெரிக்காவில் இருந்தனர். அவர்களுக்காக வெளிவந்த மாத இதழ்களுள் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’, ‘ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ்’ ஆகிய இரண்டும் ஒன்றையொன்று முந்த முயன்றன.

1974 ஜூலையில் ‘ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ்’ இதழ், ஜொனாதன் டைட்டஸ் வடிவமைத்த ‘மார்க்-8’ என்னும் சிறு கணினியை அட்டையில் வெளியிட்டது. அது இன்டெல் 8008 நுண்செயலியால் இயங்கியது. ஆனால், அதைச் செய்ய விரும்பிய வாசகர் விளக்கக் கையேட்டை விலைகொடுத்து வாங்கி, உறுப்புகளைத் தாமே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. போட்டி இதழின் ஆசிரியர் ஆர்தர் சால்ஸ்பெர்க்கும் தொழில்நுட்ப ஆசிரியர் லெஸ் சாலமனும் இதனினும் சிறந்த எந்திரம் ஒன்றைத் தேடினர்.

தேர்வின் அளவுகோல்கள்

அவர்கள் தேர்ந்தது, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திவந்த ‘மிட்ஸ்’ நிறுவனத்தின் ‘ஆல்டேர் 8800’ கணினி. இத்தேர்வில் மூன்று அளவுகோல்களைக் காணலாம்.

முதலாவது புதுமை. ஆல்டேரில் இருந்த இன்டெல் 8080 நுண்செயலி, 8008ஐவிட ஆற்றல் மிக்கது. இரண்டாவது, வாசகருக்குக் கைக்கெட்டும் தன்மை. 8080 நுண்செயலியின் பட்டியல் விலை மட்டுமே 360 டாலர். ராபர்ட்ஸ் அதை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கியதால், எல்லா உறுப்புகளும் அடங்கிய முழுத்தொகுப்பையே 397 டாலருக்கு அஞ்சல்வழி விற்க முடிந்தது. மூன்றாவது நம்பகம். 1971 நவம்பரில் இதே நிறுவனத்தின் கணிப்பான் தொகுப்பு இவ்விதழின் அட்டையில் இடம்பெற்றிருந்தது. ஆகவே, ராபர்ட்ஸ் இதழுக்கு அறிமுகமானவர்.

தொலைந்த முன்மாதிரி

மாத இதழின் பணிகள் அது வெளிவருவதற்கு வெகுநாள் முன்னரே தொடங்கிவிடும். எனவே, புதுமையை முதலில் அறிவிக்க விரும்பும் இதழ், முழுமை பெறாத எந்திரத்தையும் ஏற்கவேண்டிய நிலை நேர்கிறது. ஆல்டேருக்கும் அதுவே நிகழ்ந்தது. நியூயார்க்கிலிருந்த இதழ் அலுவலகத்திற்கு ராபர்ட்ஸ் அனுப்பிய முன்மாதிரி வழியிலேயே தொலைந்துபோனது. மற்றொன்றைச் செய்து முடிக்கக் காலம் போதவில்லை. முகப்பில் விளக்குகளும் நிலைமாற்றிகளும் பொருத்திய வெற்றுப்பெட்டி ஒன்றே படம்பிடிக்கப்பட்டு, 1975 ஜனவரி இதழின் அட்டையை அலங்கரித்தது.

விளைந்த நன்மையும் தீமையும்

அவ்விதழ் 1974 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது. ஹார்வர்டு சதுக்கத்தின் இதழ்க்கடை ஒன்றில் அதைக் கண்ட பால் ஆலன், தம் நண்பர் பில் கேட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். இருவரும் ஆல்டேருக்காக ‘பேசிக்’ மொழியை உருவாக்கினர். 1975இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் பிறந்தது. கடனில் மூழ்கியிருந்த மிட்ஸ் நிறுவனம் சில நூறு கணினிகள் விற்றால் போதும் என்று எண்ணியிருக்க, ஆயிரக்கணக்கில் ஆணைகள் குவிந்தன.

ஆயினும், நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. பணம் அனுப்பியவர் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். அடிப்படைத் தொகுப்பின் நினைவகம் வெறும் 256 பைட்டு. விசைப்பலகையும் திரையும் இல்லை. கூடுதலாக விற்கப்பட்ட நினைவகப் பலகைகள் பல ஒழுங்காக இயங்கவில்லை. இதழ் தன் நம்பிக்கையைப் பந்தயமாக வைத்தது. வாசகரோ தம் பணத்தை வைத்தனர். எந்திரம் உண்மையிலேயே விற்பனைக்கு வந்ததால் இதழின் பெயர் நிலைத்தது. வராமற்போயிருந்தால் இழப்பு வாசகருடையதாகவே இருந்திருக்கும்.

காண்பதும் சோதிப்பதும்

1975 செப்டம்பரில் ‘பைட்’ இதழ் தொடங்கியது. கணினிக்கெனவே தனி இதழ்கள் பெருகியபோது தேர்வுமுறையும் மாறியது. 1984 ஜனவரி 24 அன்று அறிமுகமான மெக்கின்டாஷைப் பற்றி ‘பைட்’ தன் பிப்ரவரி இதழிலேயே விரிவாக எழுதியது. வெளியீட்டுக்கு முன்பே நிறுவனம் எந்திரத்தைக் காட்டியதால்தான் இது இயன்றது. இவ்வாறு காட்டும் உரிமை நிறுவனத்தின் கையில் இருப்பதால், அதன் விருப்பமும் தேர்வில் நுழைந்துவிடுகிறது. விளம்பர வருவாயும் அத்தகைய அழுத்தம் தருவதே. 1936இல் தொடங்கப்பட்ட ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் நுகர்வோர் இதழ், விளம்பரங்களை ஏற்காமல், சோதிக்கும் பொருள்களைத் தானே கடையில் விலைக்கு வாங்குவது இதனால்தான்.

எல்லா இதழ்களாலும் அவ்வாறு செய்ய இயலாது. எனினும், நிறுவனம் சொன்னது எது, எழுதியவர் கண்டது எது, இயக்கிச் சோதித்தது எது என்று பிரித்துக் கூறுவது எந்த இதழுக்கும் இயலும். வெற்றுப்பெட்டியின் படத்தை வெளியிட்டது காலத்தின் நெருக்கடி. அது வெற்றுப்பெட்டி என்பதை வாசகருக்குச் சொல்லியிருந்தால் இதழின் பெருமை குறைந்திருக்காது. அட்டையைக் கண்டு மகிழும் வாசகரும், உள்ளே இருப்பதைச் சோதித்தவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ஆல்டேர் 8800 தேர்ந்தெடுக்கப்பட்டதற்குரிய மூன்று காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. வெற்றுப்பெட்டியின் படத்தை வெளியிட்டது சரியா? இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
3. புதிய கருவி ஒன்றைப் பற்றிய கட்டுரையைப் படித்து, அதில் நிறுவனம் சொன்னவற்றையும் எழுதியவர் சோதித்தவற்றையும் தனித்தனியே பட்டியலிடுக.