பாராசூட்டை வெட்டிக் கையில் கட்டியவர்கள்

கே: பழைய மிலிட்டரி துணியில் வாட்ச் ஸ்ட்ராப் தைத்துக் கட்டுவது இப்போது ஃபேஷனாமே? இதை ஆரம்பித்து வைத்தது யார்? வீட்டிலேயே தைப்பது எப்படி?
— கரூர் வாசகர்

ப: தறி ஊரில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் தையல் கேட்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன், இடம் மிச்சமிருந்தால்.

ஆரம்பித்தது யார் என்றால் என் ஓட்டு பிரெஞ்சுக் கடற்படை டைவர்களுக்குத்தான். அந்தக் கடற்படை 1950களிலிருந்து 80கள் வரை டியூடர் சப்மரீனர் வாட்ச்களை வாங்கியது. எழுபதுகளில் வந்தவற்றின் முதுகில் 'எம்.என்.' என்ற எழுத்தும் வருடமும் செதுக்கியிருக்கும். ஸ்ட்ராப் விஷயத்தில் மட்டும் டைவர்கள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பாராசூட்டிலிருந்து எலாஸ்டிக் நாடாவை வெட்டி, ஒரு கொக்கியை வைத்துத் தைத்து, வாட்சைக் கோத்துவிட்டார்கள். பச்சை நாடா, நடுவில் மஞ்சள் கோடு. மேலே வானத்தில் உயிரைக் காப்பாற்ற நெய்தது கீழே கடலுக்குப் போனது.

இதில் ஸ்டைல் எதுவும் இல்லை, பௌதிகம்தான். டைவர் போடும் ரப்பர் உடுப்பு முழுக்கக் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல 4 மடங்கு. உடுப்பு அப்பளமாக அமுங்கிவிடும். கரையில் இறுக்கிக் கட்டிய தோல் ஸ்ட்ராப், அடியில் போனதும் கையைச் சுற்றி வளையல் மாதிரி ஆடும். எலாஸ்டிக் கூடவே சுருங்கி, மேலே வரும்போது கூடவே விரியும். ஓட்டை, பக்கிள் எதுவும் வேண்டாம்.

இந்தப் பகுதியை விடாமல் படிப்பவர்களுக்கு என் கட்சி தெரியும். உலகத்துக் கண்டுபிடிப்புகளில் பாதி, ஸ்டோர் கீப்பரிடம் போய்க் கெஞ்ச மனமில்லாதவர்கள் செய்தது. மீதிப் பாதி அந்த ஸ்டோர் கீப்பரே செய்தது. பிரெஞ்சு டைவர்கள் முதல் ரகம். இரண்டாவது ரகத்துக்குக் கீழே வாருங்கள்.

கே: நேட்டோ ஸ்ட்ராப்பை நேட்டோ ராணுவம்தான் கண்டுபிடித்ததா? ஜேம்ஸ் பாண்ட் கட்டியது அதுதானே?
— மதுரை வாசகர்

ப: இல்லை. அதுவும் இல்லை.

1973-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு தர விவரக் குறிப்பு வெளியிட்டது. எண் 66-15. நைலான் ஸ்ட்ராப், 20 மி.மீ. அகலம், நிறம் கடற்படைச் சாம்பல். சிப்பாய்க்கு அது வேண்டுமென்றால் ஜி-1098 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதனால் பெயர் 'ஜி-10'. சரக்குப் பட்டியலில் அதற்கு ஒரு நேட்டோ இருப்பு எண்ணும் இருந்ததால், பின்னால் விற்றவர்கள் 'நேட்டோ ஸ்ட்ராப்' ஆக்கிவிட்டார்கள். பெற்றவர், பெயர் வைத்தவர் இருவருமே குமாஸ்தாக்கள். நான் சொன்னேனா இல்லையா!

ஆனால் அந்தக் குமாஸ்தா லேசுப்பட்டவர் இல்லை. ஒரே நீள நாடா, வாட்சின் முதுகுக்குக் கீழே நுழைந்து வெளியே வரும். ஒரு பக்கத்து ஸ்பிரிங் பின் தெறித்தாலும் இன்னொரு பின்னில் வாட்ச் தொங்கிக்கொண்டிருக்கும். அடியில் கூடுதலாக ஒரு துண்டு நாடா வைத்ததால், பக்கிளைக் கழற்றினாலும் வாட்ச் நழுவி ஓடாது.

பாண்டுக்கு வருவோம். 'கோல்ட்ஃபிங்கர்' வந்தது 1964-ல். 66-15 எழுதப்பட இன்னும் 9 வருடம் இருக்கிறது. ஷான் கானரி கையில் இருந்தது வரி போட்ட வேறொரு துணிப் பட்டை. அதுவும் அளவு சின்னது! ரோலக்ஸின் இரண்டு காதுகளுக்கு நடுவே இரு பக்கமும் சந்து விட்டு, ஸ்பிரிங் பின் எட்டிப் பார்க்கிறது. உலகத்தையே காப்பாற்றும் உளவாளிக்குச் சரியான அளவில் ஒரு ஸ்ட்ராப் வாங்கித் தர அந்த யூனிட்டில் ஆள் இல்லை. இன்றைக்கு அதே வரியில் 'பாண்ட் நேட்டோ' என்று விற்கிறார்கள், சரியான அகலத்தில். சினிமாவுக்கு மாலை, குமாஸ்தாவுக்கு நாமம்.

கே: சரி, தைப்பது எப்படி?
— மறுபடியும் கரூர் வாசகர்

ப: விட மாட்டீர்களா! முதல் வேலை, வாட்சின் காதுகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து மி.மீ. கணக்கில் அளவெடுப்பது. பாண்டின் கதி உங்களுக்கு வேண்டாம். பழைய டென்ட் கான்வாஸ் என்றால் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் நூல் நூலாக வரும். மடித்தால் தடிமன் கூடும். ஸ்பிரிங் பின்னுக்கும் வாட்சுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழையாது. எல்லோரும் மாட்டுவது இங்கேதான். அந்த இடத்தில் மட்டும் ஒரே மடிப்பாக விட்டுவிடுங்கள். மெஷினில் 18-ம் நம்பர் ஊசி போடுங்கள். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும், பாலியஸ்டர் நூல் நல்லது. நைலான் நாடாவாக இருந்தால் வெட்டிய முனையை நெருப்பில் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். கான்வாஸை அப்படிக் காட்டாதீர்கள், எரியும்.

இதைவிடச் சுவாரசியம், துணியில் எந்த இடத்தை வெட்டுவது என்பது. பழைய பிரிட்டிஷ் ராணுவத் துணியில் மூன்று கோட்டு அம்புக்குறி முத்திரை இருக்கும்: 'சர்க்கார் சொத்து'. பொதுச் சரக்குகளுக்காக அவர்கள் 1875-ல் சட்டமே போட்டார்கள். அம்பு போட்ட துணி உங்கள் வீட்டில் அகப்பட்டால் கதை கந்தல். இன்றைக்கோ ஸ்ட்ராப் தைப்பவர்கள் அந்த அம்பு சரியாக மணிக்கட்டின் மேல் வரும்படி பார்த்துப் பார்த்து வெட்டுகிறார்கள். முத்திரை இல்லாத துண்டுக்கு மவுசு கம்மி. அந்த மையைக் குத்தியது யார்? ஸ்டோர் கீப்பர்!

கே: பாராசூட் துணியில் கல்யாணப் புடவை எடுக்க முடியுமா?
— திருநெல்வேலி வாசகி

ப: புடவை எனக்குத் தெரிந்து இல்லை. கவுன் உண்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். 1944-ல் ஜப்பான் மேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய பி-29 விமானி, இன்ஜின் தீப்பிடித்ததும் குதித்தார். இரவு முழுக்க அதே நைலான் பாராசூட்தான் தலையணை, போர்வை எல்லாம். ஊர் திரும்பி, மோதிரம் கொடுக்க வேண்டிய நேரத்தில் பாராசூட்டைக் கொடுத்துப் பெண் கேட்டார். அந்தப் பெண் 1947-ல் அதையே கவுனாக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மகளும் மருமகளும் அதே கவுனில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பட்டுப் புடவைக்குப் பட்ஜெட் போடும் அப்பாக்கள் கவனிக்க.

கே: துணி ஸ்ட்ராப் பெண்பிள்ளை மாதிரி இருக்கிறது, கட்டாதே என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்ல?
— வேலூர் வாசகர்

ப: முதல் உலகப் போர் வரை கைக்கடிகாரமே பெண்கள் சமாச்சாரம்தான், ஆண்பிள்ளை என்றால் சட்டைப்பையில் சங்கிலி வாட்ச். பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவ முடியாமல்தான், பாக்கெட் வாட்சில் கம்பியைப் பற்ற வைத்து மணிக்கட்டில் கட்ட ஆரம்பித்தார்கள். அப்பா கையில் இப்போது வாட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வாதத்தில் பாதி ஜெயித்துவிட்டீர்கள். இல்லை, செல்போனில்தான் மணி பார்க்கிறார் என்றால், அது சங்கிலி இல்லாத பாக்கெட் வாட்ச். அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.