நெடும் பிரயாணத்தில் நம் சிறார்கள்

பெருநாள் விடுமுறை வந்துவிட்டால் ஜோகூர் பாருவிலிருந்து பினாங்குக்குக் குடும்பத்தோடு மோட்டாரில் புறப்படுகிறோம். ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பெரியவர்களாகிய நாமே அலுத்துப்போகும் தொலைவு. யோங் பெங்கைத் தாண்டுமுன்பே, "இன்னும் எவ்வளவு தூரம் வாப்பா?" என்று பிள்ளை கேட்பதில் வியப்பென்ன?

உடனே கைப்பேசியைக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறோம். சற்று நேரத்தில் பிள்ளை வாந்தியெடுக்கிறது! கண் கையிலுள்ள திரையைப் பார்க்கிறது. உட்காதோ வண்டியின் ஓட்டத்தை உணர்கிறது. இரண்டும் முரண்படுவதால் தலை சுற்றுகிறது. பார்வை தூரத்தில் நின்றால் பெரும்பாலும் தணியும். ஆகவே, விளையாட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும்.

வண்டிகளின் எண் பலகையே போதும். ஜே என்றால் ஜோகூர், எம் மலாக்கா, என் நெகிரி செம்பிலான், கே கெடா. பேராக்குக்கு மட்டும் ஏ. ஏனென்று பிள்ளை கேட்டால் நாம்தான் விழிக்க வேண்டும்! ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் யானை முகம் தேடலாம். மெனோரா சுரங்கத்துள் நுழைந்து வெளிவரும்வரை எண்ணச் சொல்லலாம்.

வண்டியில் பெரியவர் இருந்தால் அவரைப் பேசவிடுங்கள். 1973 வரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏற்றிவந்த ராஜுலா கப்பலை அறிந்தவர்கள் அருகிவிட்டனர். எங்கள் பாட்டனார் அதில்தான் வந்தார். பினாங்குப் பாலத்தில் ஏறியதும், "கப்பல் எங்கே நின்றது?" என்று பிள்ளை கேட்டான். சொல்ல அவர் இல்லை. கேட்டுவைக்க எங்களுக்கும் தோன்றவில்லை.