ஏடும் விளையாட்டுப் பெட்டியும்

புத்தூரை அடுத்த சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியமை யாவரும் அறிந்ததே. ஏடு அழியினும் எழுத்து நிலைபெறப் பிரதி செய்தலே வழி. தொலைக்காட்சியோடு பிணைத்து ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டிகளுக்கென ஆர்வலர் சிலர் தம் கையாற் செய்துவரும் காட்ரிட்ஜுகளும் இவ்வழியைச் சார்ந்தனவே. அவை இயங்குமாற்றை மாணவர் பொருட்டு ஈண்டுக் கூறுவாம்.

1977 இல் வெளிவந்த அட்டாரி வீ.சீ.எஸ். பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதனுள் விளையாட்டு எதுவும் இல்லை. சொந்த நினைவகமும் 128 பைட் மாத்திரமே. விளையாட்டு முழுவதும் வெளியே செருகும் காட்ரிட்ஜில், ஒரு சிப்பில் உள்ளது. (சில்லு என எழுதின் நம்மூரார் சைக்கிளையே நினைப்பர்.) பெட்டி கம்பிகள் வழியே ஒரு முகவரியைக் கேட்கும், சிப்பு அங்குள்ள பைட்டை விடையாகத் தரும். கேட்கத்தக்க முகவரிகள் 4096. விடை கூறுவது யாதெனப் பெட்டி ஆராய்வதில்லை. ஆகவே உரிய காலத்திற் சரியான விடை தருவது எதுவாயினும் பெட்டிக்கு அது காட்ரிட்ஜே.

இடர் இங்கேதான் உளது. பெட்டியின் செயலி வினாடிக்கு ஏறத்தாழ 12 இலட்சம் துடிப்புக் கொண்டது. ஒரு விடைக்கு ஒரு மைக்ரோ வினாடிதானும் இல்லை. பல நூறு விளையாட்டுக்களை ஓர் எஸ்.டி. அட்டையில் அடக்கலாம். ஆயின் அவ்வட்டை 512 பைட் கொண்ட தொகுதிகளாகவே தரும். கேட்ட மாத்திரத்தில் ஒரு பைட்டைத் தராது. எனவே ஆடுவோர் தெரிந்தெடுத்த விளையாட்டை முதலில் விரைவான நினைவகத்துக்கு மாற்றி, அங்கிருந்து விடையளிக்கச் செய்வர்.

4096 பைட்டுக்கு மேற்பட்ட விளையாட்டுக்கள், ஏட்டுக்கட்டைப் புரட்டுவதுபோலப் பகுதி பகுதியாக மாறிவரும். புரட்டும் முறை ஒன்றன்று. 1983 இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ பாமிகாமில் அம்முறைகள் மிகப் பெருகின. அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுப் போலச் செய்வதே இக்கைவினைஞரின் பெருமுயற்சி. புலமை என்றே அதனை யாம் மதிப்போம்.

பிறர்க்கு உரிமையுள்ள விளையாட்டைப் பிரதி செய்து விற்றலோ பதிப்பன்று, களவு. தாமே எழுதிய நிரலை மெய்யான பெட்டியில் ஓட்டிப்பார்க்க விரும்பும் மாணவர்க்கே இக்காட்ரிட்ஜு பெரும்பயன் தரும்.

ஒன்று கவனிக்கற்பாலது. பழைய பெட்டிகள் 5 வோல்ற்றில் இயங்குவன. இக்கால நினைவகங்கள் பெரும்பாலும் 3.3 வோல்ற்றுக்குரியன. இடையே மின்னழுத்தம் மாற்றும் உறுப்பை விடுத்து மலிவாகச் செய்தவையும் உள. அவை சிலநாள் நன்றாகவே ஓடும். பின்னர் காட்ரிட்ஜோடு பெட்டிக்கும் ஊறு நேரலாம். வாங்குவோர் இதனை முதலிற் கேட்டறிக.